பத்து பாகாட்டில் யாரும் இல்லை

நான் நான்காம் வகுப்போடு நின்றவன். மலேசியாவில், ஜொகூரின் பாலோ என்ற ஊருக்கு உள்ளே, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் மரம். ஒரு பலகையை விரல் முட்டியால் தட்டினால் போதும், உள்ளே புழு இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா, இன்னும் எத்தனை மாதம் சுமை தாங்கும் என்று சொல்லிவிடுவேன். தொழிற்சாலைகளில் சரக்கு அடுக்குகிற மரத்தட்டு இருக்கிறதே, பேலட் என்பார்கள், அது உடைந்தால் வாங்குவேன். ஆணி பிடுங்கி, பலகை மாற்றி, புதிது போல ஆக்கி விற்பேன். ஒரு சுத்தியலும் ஒரு கடப்பாரையும் வைத்து ஆரம்பித்தது. இன்று ஏழு லோரி, இருபத்தாறு ஆட்கள். பாசிர் கூடாங்கில் எந்தத் தொழிற்சாலை வாசலில் போய் மாசாய் தவுக்கே, அதாவது மாசாய் முதலாளி, எங்கே என்று கேட்டாலும் என்னைத்தான் காட்டுவார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள் காலையில் செருப்புக்குள் கால் நுழையவில்லை.

அதற்கு மூன்று மாதம் முன்னாலிருந்தே குதிகால், தொடை, இடுப்பு என்று எலும்புக்குள் ஒரு வலி இருந்தது. நாற்பது வருடம் பலகை தூக்கிய உடம்பு, வலிக்கத்தான் செய்யும் என்று மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. பிறகு தாகம் வந்தது. எவ்வளவு குடித்தாலும் நாக்கு ஒட்டியது. பிறகு சோறு பிடிக்கவில்லை. மீன் குழம்பு வாசம் வந்தாலே வயிற்றைப் புரட்டியது. செருப்பு நுழையாத அன்று, லோரிப் படியில் கால் வைத்து ஏறப் போனேன். தொடை என் பேச்சைக் கேட்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் ஆட்கள் முன்னால் நான் தரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மகள் ரெஜினா சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, ஜொகூர் பாருவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்தாள். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், பிறகு நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காத்திருக்கும் கூடத்தில் குளிர்சாதனம் எலும்பில் ஏறியது. என் மனைவி ஸ்டெல்லா தன் சால்வையை எடுத்து என் காலில் சுற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அது எங்கள் வீட்டில் புதிதல்ல. பல வருடமாக அவள் தேவைக்கு மேல் என்னோடு பேசுவதில்லை. வேலை வேலை என்று ஓடுகிறவனின் மனைவிக்கு இருக்கும் கோபம் என்று நான் நினைத்திருந்தேன்.

வந்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். கவிதா என்று சட்டையில் எழுதியிருந்தது.

"அங்கிள், வேற ஏதாச்சும் நோவு இருக்கா? பிரஷர், இனிப்பு நீரு? தினமும் சாப்பிடுற மாத்திரை?"

"ஒண்ணும் கிடையாதும்மா. இரும்பு மாதிரி உடம்பு. நீ எந்த ஊரு பிள்ள?"

"குளுவாங், அங்கிள்."

"அப்பா என்ன செய்றாரு?"

"இப்ப நீங்கதான பேஷண்ட், எங்கப்பா எதுக்கு?" என்று சிரித்தாள்.

குளுவாங் என்றால் பாலோவுக்குப் பக்கம். என் அக்கா வீடு அங்கேதான். ஒரு சீன டாக்டரோ மலாய் டாக்டரோ வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஏனென்றால் நான் சொன்னது பொய்.

எனக்குப் பதினொரு வருடமாக எச்.ஐ.வி. இருக்கிறது. உடம்பில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிற கிருமி அது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் அது படுத்துவிடும். ரத்தத்தில் தேடினாலும் கிடைக்காத அளவுக்குப் படுத்துவிட்டால், மனைவிக்கும் ஒட்டாது என்று கிளினிக்கில் சொன்னார்கள். எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நானே லோரி ஓட்டித் தாய்லாந்து எல்லை வரை சுமை கொண்டுபோன காலம் ஒன்று உண்டு. எனக்கு எதுவும் வராது என்று நம்பிய காலம். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பிற்பாடு விலாவில் அக்கி போட்டு, ஆறாமல் கிடந்தபோது ரத்தம் சோதித்தார்கள், தெரிந்தது.

மாசாயில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு கிளினிக்கைப் பிடித்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. துணி ஆலையில் பேலட் கணக்கு பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்வேன். மாத்திரையை என் மரக்கிடங்கு யார்டின் ஆபிஸில் பூட்டி வைத்து, காலை ஒன்பது மணிக்கு விழுங்குவேன். ஸ்டெல்லாவைப் பற்றி எனக்குப் பயம் இருந்தது. தெரிந்த புதிதில், இருவருக்கும் உடம்பு முழுக்கப் பரிசோதனை என்று ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அவளைக் கூட்டிப்போய், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமலே கையெழுத்துப் போட வைத்தேன். அவளுக்கு இல்லை என்று வந்தது. அன்றே குறட்டை விடுகிறேன் என்று சாக்குச் சொல்லி என் பாயைப் பக்கத்து அறைக்கு மாற்றினேன். கிளினிக்கில் என்ன சொன்னாலும் எனக்குத் தைரியம் வரவில்லை.

இதையெல்லாம் குளுவாங் பெண்ணிடம் நான் எப்படிச் சொல்வேன்? வார்டில் படுக்கை கொடுத்தார்கள். யார்டிலிருந்து எடுத்து வந்த அந்தக் கிளினிக் மாத்திரை பத்து என் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது.

கிரியேட்டினின் என்று ஒன்றை அங்கேதான் முதலில் கேள்விப்பட்டேன். தசை வேலை செய்யும்போது உண்டாகும் குப்பை அது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் வெளியே தள்ளிவிடும். ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறதோ அவ்வளவுக்குச் சிறுநீரகம் படுத்துவிட்டது என்று அர்த்தம். நூறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். எனக்கு நானூற்று முப்பது.

பத்து பாகாட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு வேறு. அங்கே சி.டி.ஃபோர் என்று ஒரு எண், வெள்ளை அணுவின் கணக்கு. அது ஏற வேண்டும். கிருமியின் எண் இறங்கி, இல்லாமலே போக வேண்டும். இங்கே கிரியேட்டினின் இறங்க வேண்டும். கூடவே ஜி.எஃப்.ஆர். என்று இன்னொன்று, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதன் அளவு. அது ஏற வேண்டும். ஏழு லோரியின் எண்ணெய்ச் செலவை மனக்கணக்காகப் போடுகிறவன் நான். இந்த நாலு எண்ணை வைத்துக்கொண்டு எது ஏறினால் சிரிப்பது, எது ஏறினால் அழுவது என்று தெரியாமல் கிடந்தேன். இரண்டாம் நாள் காலையில் டாக்டர் வந்து "ஏறியிருக்கு அங்கிள்" என்றபோது நான் சிரித்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினேன்.

பக்கத்துக் கட்டிலில் பாக்சிக் சலே. பாக்சிக் என்றால் மலாயில் மாமா. பஸ் ஓட்டிய மலாய்க்காரர், ஐந்து வருடமாக டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், உடம்பு ரத்தத்தை எல்லாம் வெளியே எடுத்து இயந்திரத்தில் கழுவி உள்ளே விடுவார்கள். "துணி துவைக்கிற மெஷின்தான் தவுக்கே, துணிக்குப் பதிலா நாம. பிழிஞ்சு காயப்போடறது மட்டும்தான் பாக்கி" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாரம் மூன்று நாள் கட்டிலில் கிடந்தால் என் யார்டை யார் பார்ப்பது?

காலை ஒன்பது மணிக்குக் கழிப்பறைக்குப் போய், குழாய்த் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினேன். ஒரு நாள்கூட விடக் கூடாது என்று கிளினிக்கில் முதல் நாளே சொன்னார்கள். நான் விட்டதில்லை. என் தங்கை செத்த அன்று விட்டதில்லை, யார்டில் தீப்பிடித்த அன்று விட்டதில்லை. பள்ளிக்கூடம் போனவன் எவனாவது இப்படி ஒழுங்காக இருந்திருப்பானா?

மூன்றாம் நாள் டாக்டர் கவிதா குழப்பத்தோடு வந்தாள்.

"அங்கிள், உங்க மூத்திரத்துல இனிப்பு இருக்கு. ரத்தத்துல இல்ல. இனிப்பு நீரு உள்ளவங்களுக்கு ரத்தத்துல கூடித்தான் மூத்திரத்துல வழியும். உங்களுக்கு வடிகட்டுற குழாயே ஒழுகுது. உடம்புக்கு வேண்டிய இனிப்பு, உப்பு எல்லாம் வெளியே போகுது. எலும்புக்கு வேண்டிய பாஸ்பரஸும் போகுது. அதனாலதான் உங்களுக்கு எலும்பு வலி."

வலிக்காக நான் மாத்திரை சாப்பிட்டேன். வலியே சிறுநீரகத்தால் வந்தது. வலி மாத்திரை சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். நான் எதற்கு எதைச் சாப்பிட்டேன் என்று எனக்கே தலை சுற்றியது. வலி மாத்திரையை மட்டும் ஒத்துக்கொண்டேன்.

"அது மட்டும் இப்படிச் செய்யாது. வேற ஏதோ இருக்கு. நாட்டு வைத்தியம், வேரு, பொடி, கஷாயம், ஏதாச்சும்?"

"சத்தியமா இல்ல."

கால்மாட்டில் நின்ற ஸ்டெல்லா ஜெபமாலையைக் கைக்குள் சுருட்டினாள்.

"டாக்டர், நான் குடுத்தேன்."

"என்ன குடுத்தீங்க ஆன்ட்டி?"

"ஒரு பொடி. காப்பில கலந்து. மூணு மாசமா. அவருக்குத் தெரியாது. இடுமருந்து முறிக்கிற பொடி."

டாக்டருக்கு அது என்னவென்று விளங்க வைக்க வேண்டியிருந்தது. ஓர் ஆணைத் தன் பக்கம் கட்டிப்போட நினைக்கிறவள் சோற்றில் எதையோ கலந்து கொடுப்பாள், அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும், கட்டினவளைக் கண்டால் வெறுக்க வைக்கும் என்று எங்கள் ஜனங்களில் ஒரு நம்பிக்கை. அதை முறிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்டெல்லா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். ஃபாதருக்குத் தெரியாமல், செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு கிழவரிடம் போய் வாங்கியிருக்கிறாள். நான் எலும்பு வலி என்று மெலிய ஆரம்பித்ததும் போனாளாம்.

"யாரு ஆன்ட்டி இவருக்கு வெச்சது?"

ஸ்டெல்லா என்னை நோக்கி முகவாயை ஆட்டினாள். "அவரையே கேளுங்க. பத்து பாகாட்டுல வெச்சிருக்காரே, அவதான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்து பாகாட்டில் நான் யாரையாவது வைத்திருக்கிறேனா என்று ஒரு கணம் நானே யோசித்துப் பார்த்தேன்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவ போவாரு. நல்ல சட்டையா பாத்துப் போடுவாரு. போன மூடி வெச்சிருவாரு. வந்தா சோறு வேணாம்பாரு. பதினோரு வருஷமா என் ரூமுக்குள்ள வந்ததில்ல, டாக்டர். குறட்டையாம்! முப்பது வருஷம் வராத குறட்டை."

பாக்சிக் சலேவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சில வேர்கள் இதே மாதிரி குழாயை அரிக்கும், மிச்சப் பொடியைக் கொண்டுவாருங்கள், சோதிக்கலாம் என்றாள். "அதுவாத்தான் இருக்கும் போல. நிப்பாட்டியாச்சு இல்ல, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுத எனக்கு வெட்கம். ஆனால் இதை எழுதாவிட்டால் மற்றதை எழுதிப் பிரயோசனமில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது, கேள்வி ஓய்ந்துவிடும். பத்து பாகாட்டில் ஒருத்தியை வைத்திருந்தான் என்றால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போவார்கள், சிலர் தோளில் தட்டுவார்கள். அந்த நோய்க்காரன் என்றால் டம்ளரைத் தனியாக வைப்பார்கள். இல்லாத அந்தப் பெண்ணின் முந்தானைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். மறுநாள் ஒன்பது மணிக்கு மறுபடியும் கழிப்பறைக்குப் போனேன்.

பொடி நின்று நான்கு நாள் ஆனது. எண் இறங்கவில்லை. நானூற்று எழுபது, ஐந்நூற்றுப் பத்து, ஐந்நூற்று அறுபது. கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. வாயில் இரும்பைக் கடித்த மாதிரி ருசி. டாக்டர் கவிதா வந்து, இனிக் காத்திருக்க முடியாது என்றாள். நாளைக்குக் கழுத்து நரம்பில் ஒரு குழாய் போட்டு டயாலிசிஸ். அதற்கு முன்னால் கல்லீரல் கிருமிகளுக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் சோதிக்க வேண்டும், எல்லாருக்கும் செய்வது, கையெழுத்து வேண்டும்.

"படிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல" என்றேன். "வீட்டுக்குப் போறேன். என் பொறுப்பு."

"போனா சிறுநீரகம் திரும்பாது அங்கிள். இப்ப விட்டா அப்புறம் வாழ்நாள் முழுக்க மெஷின்தான்."

காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை பார்வையாளர் நேரம். நான் கண்ணை மூடிக் கிடந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்து ஸ்டெல்லாவும் ரெஜினாவும் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

"நான்தான் உங்கப்பாவக் கொன்னுட்டேன்."

"ம்மா, சும்மா இரும்மா."

"எவகிட்டயோ போனாரு, போய்ட்டுப் போறாரு. உயிரோடயாச்சும் இருந்திருப்பாரு. நான் போயி, சாமிய விட்டுட்டுக் கண்டவன்கிட்ட பொடி வாங்கி… ரெஜினா, டாக்டர்கிட்ட கேட்டேன். ஒரு கிட்னி இருந்தாப் போதுமாம் மனுஷனுக்கு. என்னோடத எடுத்துக்கச் சொல்லு. பொருந்துமான்னு பாக்கச் சொல்லு."

"அப்பா ஒத்துக்கணுமே."

"அவரு என்ன ஒத்துக்கறது? கெடுத்தவ நான்."

நாற்பத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள். நான் சுத்தியல் வைத்துக்கொண்டு தெருவில் நின்றபோது பிடுங்கிய ஆணிகளைக் கல்லில் வைத்து நிமிர்த்திக் கொடுத்தவள். செய்யாத கொலைக்கு அவள் தன் உடம்பை அறுத்துக் கொடுக்கக் கிளம்பிவிட்டாள்.

"டாக்டரக் கூப்பிடு" என்றேன். இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள். "இப்பவே."

டாக்டர் வந்ததும் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, சாப்பாட்டு மேசையில் கொட்டினேன். நான்கு மாத்திரை உருண்டன. என்ன நோய், எத்தனை வருடம், எந்த ஊர் என்று சொன்னேன். ஸ்டெல்லாவைப் பார்த்துச் சொல்லவில்லை, மாத்திரையைப் பார்த்துச் சொன்னேன். வாழ்க்கையில் எத்தனையோ முதலாளிகளை மிரட்டியவன். அன்று என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டாக்டர் ஒரு மாத்திரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இங்க வந்தப்புறமும் சாப்பிட்டீங்களா?"

"ஒரு நாள்கூட விடல. பதினோரு வருஷத்துல ஒரு நாள் விட்டதில்ல."

அவள் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அங்கிள், இந்த ஒரு மாத்திரைக்குள்ள மூணு மருந்து இருக்கு. அதுல ஒண்ணு டெனோஃபோவிர். நல்ல மருந்துதான். இத்தன வருஷம் உங்களக் காப்பாத்துனது. ஆனா சில பேருக்கு, எல்லாருக்கும் இல்ல, வடிகட்டுற குழாய அரிக்கும். வயசானா, வலி மாத்திரையும் சேத்துப் போட்டா, இன்னும் சுலபமா அரிக்கும். அதுக்குத்தான் அப்பப்ப ரத்தம் எடுத்துப் பாக்கறது."

கடைசி இரண்டு தடவை பத்து பாகாட்டில் ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். லோரி காத்திருக்கிறது என்று வந்துவிட்டேன். வலி மாத்திரை பற்றியும் அங்கே நான் வாய் திறக்கவில்லை.

ஸ்டெல்லா எழுந்தாள். டிஃபன் கேரியரை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ரெஜினா போய்த் திரும்பி வந்து, அம்மா லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள், ஏறவும் இல்லை வரவும் இல்லை என்றாள்.

அந்த மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். சிறுநீரகத்துக்குப் பொருந்துகிற வேறு மருந்துகளைக் கிருமி நோய் டாக்டரைக் கேட்டுத் தொடங்கினார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். குழாய் போடுவதை ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். மறுநாள் எண் ஏறவில்லை. அதற்கு மறுநாள் இருபது இறங்கியது. இந்தத் தடவை சிரிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சிரித்தேன்.

சிறுநீரகத்தில் துளி சதை எடுத்தும் பார்த்தார்கள். குப்புறப் படுக்க வைத்து, முதுகை மரக்கச் செய்து, ஊசியை உள்ளே விட்டு ஒரு சொடுக்கு. ஆணித் துப்பாக்கிச் சத்தம் போல இருந்தது. வலி பெரிதில்லை, அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் அசையாமல் மல்லாந்து கிடப்பதுதான் வேதனை. ரத்தம் கசிந்தால் ஆபத்தாம். முடிவு வந்தபோது, அந்த எச்.ஐ.வி. மாத்திரைதான் முக்கியக் காரணம், வலி மாத்திரை துணைக்காரணம், பொடிக்கும் பங்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார்கள். பதினொரு வருடம் என்னைக் காப்பாற்றிய மாத்திரையை நான் திட்டுவதா, கும்பிடுவதா?

ஸ்டெல்லா தினமும் வந்தாள். கஞ்சியை மேசையில் வைப்பாள், காலைத் தொட்டு வீக்கம் பார்ப்பாள், நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவளும் ரத்தம் கொடுத்தாள். இந்தத் தடவை தானே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். முன்பு ஒரு தடவை சொல்லாமல் சோதித்ததையும் நான் சொல்லிவிட்டேன். நோயை விட அதற்குத்தான் அவளுக்கு அதிகக் கோபம். "என் ரத்தத்த எனக்குத் தெரியாம வித்தீங்களா?" என்ற ஒரே வாக்கியம்தான் அந்த வாரம் எனக்குக் கிடைத்தது. முடிவுக்காகக் காத்திருந்த இரண்டு நாளும் என் எண் என்ன என்று நான் கேட்கவே இல்லை. அதற்கு முன்பு சோதித்தது பொய்யாக இருந்தால்? நடுவில் ஏதாவது நடந்திருந்தால்? இரண்டாம் நாள் மத்தியானம் வந்து நின்றாள்.

"இல்லையாம்" என்றாள்.

நான் அழுதேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு உட்கார்ந்தாள். இந்தத் தடவை நாற்காலியைத் திருப்பவில்லை.

"பத்து பாகாட்டுல யாரும் இல்லையா?"

"யாரும் இல்ல."

"சத்தியமா?"

"ரெஜினா மேல சத்தியமா."

ஜெபமாலையைக் கைப்பைக்குள் போட்டாள். "அப்ப நான் பதினோரு வருஷமா யாரோட சண்ட போட்டேன்?"

அவளுக்கு அந்தப் பெண்ணின் முகமே தெரியுமாம். சிவப்பாக, ஒல்லியாக, முன்பல் கொஞ்சம் தூக்கியிருப்பாளாம். "புதன்கிழம கோயில்ல நவநாள் ஜெபத்துல அவ செத்துப் போகணும்னு வேண்டிக்கிட்டேன். ஒவ்வொரு புதனும். யாரும் இல்லன்னா அந்த வேண்டுதல் யாரு மேல போயிருக்கும்?" என்று என் காலைப் பார்த்தாள். பயந்துதான் கேட்டாள். நானும் பயந்தேன். பக்கத்தில் பாக்சிக் சலே என்ன நடக்கிறது என்று கண்ணால் கேட்டார். எனக்கே விளங்காததை அவருக்கு எப்படிச் சொல்வது?

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். எண் நூற்றுத் தொண்ணூறில் நின்றுவிட்டது. முழுதாகத் திரும்பாது, ஆனால் கவனமாக இருந்தால் மெஷின் வேண்டியதில்லை. வலி மாத்திரை ஆயுளுக்கும் கிடையாது. உப்பு குறைக்க வேண்டும். வார்டுக் கட்டணத்தை ரெஜினா என்னைக் கேட்காமலே கட்டிவிட்டாள். நான் கொடுத்த பணத்தை அவள் வாங்கவில்லை. என் பணத்தை வேண்டாம் என்ற முதல் ஆள் என் மகள்தான்.

அடுத்த மாதம் பத்து பாகாட் கிளினிக்கில் என் முறை. நல்ல சட்டை எடுத்துப் போட்டேன். காருக்குப் போனால் ஸ்டெல்லா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள், கைப்பை மடியில். நான் கூப்பிடவில்லை. இரண்டு மணி நேரம் வானொலி மட்டும் பேசியது.

கிளினிக்கில் என்னைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களை அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கவுண்டரில் எனக்குப் பழக்கமான தமிழ்த் தாதி ஒருத்தி, நல்ல பிள்ளை.

"அங்கிள், எளச்சிப் போய்ட்டீங்களே! இது யாரு, தங்கச்சியா?"

நான் முறைச்சீட்டை நீட்டினேன்.

"நான் அவரு பொண்டாட்டி" என்றாள் ஸ்டெல்லா.

தாதி சிரிப்பை நிறுத்திவிட்டு என் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுல டூடான்னு போட்டிருக்கே, அங்கிள்? ஆன்ட்டி காலமாயிட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

ஆமாம். டூடா என்றால் மலாயில் மனைவியை இழந்தவன். மனைவியைக் கூட்டிவாருங்கள், அவருக்கும் சோதிக்க வேண்டும் என்று முதல் மாதம் முழுக்க விடாமல் கேட்டார்கள். கேள்வியை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. செத்துவிட்டாள் என்றேன். பதினொரு வருடம் அவளை அந்த அட்டையில் சாக வைத்திருந்தேன்.

கூடம் முழுக்கக் கேட்டது. ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவில்லை. கைப்பையைக் கவுண்டரில் வைத்தாள், கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

"மிஸ்ஸி, அத அடிச்சிட்டு எழுதும்மா. உயிரோட இருக்கேன்னு எழுது. அவசரம்னா யாருக்குப் போன் பண்றதுன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல யாரு பேரு இருக்கு?"

"காலியா இருக்கு ஆன்ட்டி."

ஸ்டெல்லா தன் பெயரைச் சொன்னாள். பிறகு தன் கைபேசி எண்ணை, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற நிதானத்தோடு, ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். தாதி எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

"சரியா எழுதினியா?" என்றாள் ஸ்டெல்லா. "எங்க, திருப்பிச் சொல்லு பாப்போம்."